அரிகிருஷ்ணன் அனுப்பிய கார்டு

ஒருவர் வாங்கி அனுப்பிய பொருளைப் பார்த்தே, அவர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று சொல்லிவிட முடியுமா?

பிளஸ் டூ முடித்த கையோடு, கேம் ஆடுவதற்கென்று ஒரு கம்ப்யூட்டர் வாங்க புதுச்சேரி அண்ணா சாலைப் பக்கம் பலராமன் கடைக்குப் போனேன். அங்கே பாகங்களை எடுத்துக் காட்டிக்கொண்டிருந்த ஹேமலதா அக்கா என்னிடம் கேட்ட கேள்வி இது. நான், திரையில் படம் காட்டும் கிராபிக்ஸ் கார்டு எத்தனை எம்பி என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் கையில் இருந்த கார்டைக் கீழே வைத்துவிட்டு இதைக் கேட்டார். எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. கிண்டல் செய்கிறாரோ என்றுகூட நினைத்தேன். அதன் பிறகு நாலைந்து முறை கடைக்குப் போய்வந்ததில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். எழுதட்டுமா என்று கேட்டேன். எழுது, ஆனால் அழுகையைக் கூட்டாதே என்றார். கூட்டாமல் எழுதப் பார்க்கிறேன்.

ஹேமலதாவின் வீடு முதலியார்பேட்டையில் இருக்கிறது. அப்பா நாராயணசாமி பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அவர் இறந்து பல வருடமாகியும் தெருவில் அந்த வீட்டுக்குப் பெயர் ‘சொல்தா வீடு’தான், பட்டாளத்தார் வீடு. அம்மா வரலட்சுமிக்கு மாதா மாதம் பென்ஷன் வருகிறது. பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவன் அரிகிருஷ்ணன், அவனுக்கு ஐந்து வயது இளையவள் ஹேமலதா.

கடலூர் சாலையில் ஒரு மாடியில் அப்போது ஒரு பிரௌசிங் சென்டர் இருந்தது. ஆறு கம்ப்யூட்டர்களை ஒயரால் இணைத்து ஒருவரை ஒருவர் சுட்டு விளையாட விடுவார்கள். அண்ணனும் தங்கையும் ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே போய்விடுவார்கள். பெண் பிள்ளை என்று அவள் ஒருத்திதான். முதல் வாரம் எதிரில் இருந்த பையன்கள், தங்கச்சிக்குப் பொம்மை வாங்கிக் குடுத்து ஓரமா உட்கார வைப்பா என்று சிரித்தார்கள். மூன்றாவது வாரம் அவள் இருக்கிற அணியில்தான் இருப்பேன் என்று அவர்களுக்குள் சண்டை வந்தது.

வீட்டுக்கென்று ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்ற பேச்சு அங்கேதான் தொடங்கியது. கடையில் அடுக்கி வைத்திருக்கும் ரெடிமேட் பெட்டி வேண்டாம், ஒவ்வொரு பாகமாகத் தேர்ந்தெடுத்து நாமே பூட்ட வேண்டும் என்று அரிகிருஷ்ணன் பிடிவாதமாக இருந்தான். கோடு போட்ட நோட்டில் பட்டியல் எழுதினார்கள். மானிட்டரும் ஸ்பீக்கரும் ஹேமலதாவின் பொறுப்பு. மற்றதெல்லாம் அவன். ஒரு பாகத்தை எழுதிவிட்டால் அடுத்த பாகம் அதோடு சேருமா என்று பார்க்காமல் பேனாவைத் தொடமாட்டான். பலராமன் கடைக்குப் போய், எந்தப் பலகையில் எந்தச் சொருகு இருக்கிறது, எந்தக் கார்டு எதில் உட்காரும் என்று மணிக்கணக்கில் நின்று கேட்பான். கடைசியில் பலராமனே அலுத்துப் போனார்.

“பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளைகூட இவ்ளோ கேக்கமாட்டான்டா. நீ மாப்பிள்ளையோட சித்தப்பா மாதிரி கேக்கற.”

பட்டியல் முடிந்தது. வாங்குவதற்குள் அரிகிருஷ்ணன் பிரான்ஸுக்குப் போய்விட்டான். அப்பாவின் வழியாக அவனுக்குப் பிரெஞ்சு நேஷனாலிட்டி உண்டு. இரண்டாயிரத்து மூன்றில் பாரிஸுக்குப் பக்கத்தில் சார்செல் என்ற ஊரில், இளஞ்செழியன் என்ற புதுச்சேரிக்காரனோடு அறை எடுத்துத் தங்கி, கட்டட வேலைக்குப் போனான். போகும்போது தங்கையிடம் ஒன்று சொல்லிவிட்டுப் போனான். பட்டியலில் இருக்கிற ஒவ்வொன்றையும் அங்கிருந்து வாங்கி அனுப்புவேன், நீ பூட்டிக்கொண்டே வா, கடைசிப் பாகம் கார்டு, அது வந்ததும் ஆட்டம்.

பிரான்ஸிலிருந்து ஊருக்கு வருபவர்களின் பெட்டியில் பாதி இடம் அவர்களுடையது அல்ல என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். தபாலில் யாரும் சாமான் அனுப்ப மாட்டார்கள். ஆகஸ்ட் விடுமுறைக்கு வருபவர், கல்யாணத்துக்கு வருபவர், யார் வந்தாலும் அவர் கையில் கொடுத்துவிடுவார்கள். வந்து இறங்கிய இரண்டாம் நாள், யார் யார் வீட்டுக்கு என்ன என்று பைகளைத் தூக்கிக்கொண்டு அவர்கள் தெருத்தெருவாகப் போவார்கள்.

இரண்டாயிரத்து நான்கு ஆகஸ்டில் கமலா அத்தை மதர்போர்டைக் கொண்டுவந்தார். இரண்டு துண்டுகளுக்கு நடுவில் சுற்றி, சேலைகளுக்கு அடியில் வைத்து எடுத்துவந்திருந்தார். பிரித்துப் பார்த்துவிட்டு, இன்னாடி இது, ஏரோப்பிளேன்லேர்ந்து பாத்தா ஊரு தெரியுமே, அதாட்டம் இருக்குது என்றார். தீபாவளிக்கு வந்த ஒருவர் பிராசஸரை சாக்ஸுக்குள் சுருட்டிக் கொண்டுவந்தார். அடுத்த ஆகஸ்டில் ராம் வந்தது. ஒவ்வொன்றோடும் அண்ணன் கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். எதை எங்கே, எந்தப் பக்கம் பார்த்து, எவ்வளவு அழுத்த வேண்டும் என்று எழுதியிருப்பான். மதர்போர்டோடு வந்த சீட்டில், நடுவில் இருக்கும் பழுப்பு நிறச் சொருகு கார்டுக்கு மட்டும், தூசி படாமல் காகிதம் ஒட்டி வை என்று இருந்தது. ஒட்டி வைத்தாள்.

கேபினெட்டும் பவர் சப்ளையும் பலராமன் கடையில் வாங்கினார்கள். ஹேமலதா கல்லூரி விட்டு வந்து தனியாக உட்கார்ந்து எல்லாவற்றையும் பூட்டினாள். சுவிட்சைப் போட்டதும் விசிறி சுற்றியது. உடனே உள்ளிருந்து பீப் சத்தம் கேட்டது. நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு. படம் காட்டுவதற்குக் கார்டு இல்லை என்று மதர்போர்டு சொல்லும் விதம் அது. வரலட்சுமி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“ஏண்டி அது அழுவுது?”

“கார்டு இல்லம்மா. கேக்குது.”

“உங்கண்ணனுக்குச் சொல்லு. சீக்கிரம் அனுப்பட்டும், பாவம்.”

அது செப்டம்பர் மாதம். அக்டோபரிலிருந்து அரிகிருஷ்ணனின் போன் நின்றுவிட்டது.

அதுவரை ஞாயிறு தவறாமல் சாயங்காலம் நாலரைக்கு வீட்டு போன் அடிக்கும். அவன் இடத்தில் இப்போது இளஞ்செழியன் கூப்பிட்டான். அரி தெற்கே மலைப் பக்கம் பெரிய வேலைக்குப் போயிருக்கிறான், அங்கே போன் எடுக்காது, நல்லா இருக்கான், கவலைப்படாதீங்க என்றான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதையே சொன்னான். பொங்கலுக்கு ஒரு வாழ்த்து அட்டை வந்தது. முகவரி இளஞ்செழியன் எழுத்து. உள்ளே ஒன்றும் எழுதவில்லை. அம்மா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புருஷன் பட்டாளத்தோடு ஆப்பிரிக்காவில் ஜிபூத்தியில் இருந்தபோது ஒரு வருடம் கடிதமே போடாதவர். அப்பன் புத்தி, வேலைன்னு போனா ஊடு மறந்துடும் என்று திட்டிவிட்டு அட்டையை அலமாரியில் சாய்த்து வைத்தார்.

மாசி மாதம் பிறந்த சமயம், உறவில் ஒரு கல்யாணத்துக்கு செல்வாம்பாள் வந்தார். சார்செலில் அரிகிருஷ்ணன் இருந்த அதே கட்டடத்தில் இரண்டாவது மாடியில் இருப்பவர். ஒரு அட்டைப் பெட்டியை வரலட்சுமியிடம் கொடுத்தார். கார்டு. ஹேமலதா காபி கலந்து கொண்டுவந்து வைத்தாள். அவர் குடிக்கவில்லை. அரி எப்படி இருக்கான் என்று அம்மா கேட்டதற்கு, இருக்கான் என்று மட்டும் சொன்னார். ஹேமலதாவின் கன்னத்தை ஒருமுறை தடவினார். பிறகு எழுந்து, செருப்பைப் போட்டுக்கொண்டு, போய்விட்டார்.

போய்ட்டு வரேன் என்று அவர் சொல்லவில்லை.

அம்மா அதைக் கவனித்தாரா என்று தெரியாது. ஹேமலதா கவனித்தாள். சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போதுதான் யாரும் வரேன் என்று சொல்ல மாட்டார்கள். சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போவார்கள். செல்வாம்பாள் அந்த மாதிரி எழுந்து போனார். சும்மா மறந்திருப்பார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஹேமலதா பெட்டியைப் பிரித்தாள்.

பழுப்புச் சொருகின் மேல் ஒட்டிய காகிதத்தைக் கிழித்துவிட்டுக் கார்டை வைத்துப் பார்த்தாள். உட்காரவில்லை. திருப்பிப் பார்த்தாள். கார்டின் அடியில் இருக்கும் தங்க நிறப் பற்களுக்கு நடுவில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருந்தது. அது பழுப்புச் சொருகில் போகும் ஏஜிபி கார்டு இல்லை. புதிதாக வந்திருந்த பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு. அந்த மதர்போர்டில் அதற்கு இடமே கிடையாது. எத்தனை அழுத்தினாலும் சேராது.

பெட்டிக்குள் துண்டுச் சீட்டும் இல்லை.

பலராமன் கடைக்கு எடுத்துக்கொண்டு ஓடினாள். அவர் பார்த்துவிட்டு, கடைக்காரன் மாத்திக் குடுத்திருப்பான், அனுப்பி மாத்திக்கச் சொல்லு என்றார். அவளுக்கு அது ஏறவில்லை. கடைக்காரன் தப்பாகக் கொடுத்தால் அண்ணன் வாங்குவானா? இரண்டு வருடம் பலராமனின் உயிரை எடுத்தவன். பெட்டியின் மேலேயே பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. அண்ணன் இந்தத் தப்பைச் செய்யவே மாட்டான். அப்படியானால் இதைத் தேர்ந்தெடுத்தது அண்ணன் இல்லை. அண்ணன் சொன்ன ஒரு பாகத்தை, எது என்று தெரியாமல், வேறு யாரோ வாங்கி அனுப்பியிருக்கிறார்கள். அண்ணனால் கடைக்குப் போக முடியவில்லை. யாரும் அவனிடம் கேட்கவும் முடியவில்லை.

கடைவாசலில் நின்றபடியே அவள் இதை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். போன் இல்லை. வாழ்த்து அட்டையில் எழுத்து இல்லை. செல்வாம்பாள் காபி குடிக்கவில்லை. வரேன் சொல்லவில்லை. இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் இப்படி நடந்தது அவளுக்குத் தெரியும். அந்த வீட்டு அம்மாவுக்கு ஆபரேஷன் என்பதால் பிரான்ஸில் இறந்த மகனின் செய்தியை மூன்று மாதம் மறைத்து, அவன் பெயரில் சென்ட் பாட்டிலும் சாக்லேட்டும் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள்.

அன்றைக்கு அவள் முடிவு செய்துவிட்டாள். அண்ணன் இறந்துவிட்டான்.

யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. இளஞ்செழியனைக் கேட்கவும் பயம். கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவான். கேட்காத வரைக்கும் அண்ணனில் ஏதோ கொஞ்சம் மிச்சம் இருக்கும் என்று தோன்றியது. ஆனால் சாவுத் தீட்டு என்று ஒன்று இருக்கிறதே. செத்தவன் கூடப் பிறந்தவன். தெரிந்துகொண்டே எப்படி விளக்கு ஏற்றுவது? தலையில் பூ வைப்பதை விட்டாள். வெள்ளிக்கிழமை விளக்கேற்றாமல் படிக்கிற சாக்கில் மாடிக்குப் போனாள். மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் கடற்கரைக்குச் சாமிகள் எல்லாம் வந்திறங்கின. தெருவே கிளம்பிப் போனது. தலைவலி என்று படுத்துக்கொண்டாள். கோயில் பிரசாதம் கொடுத்தால் வாங்கி, அம்மா பார்க்காத நேரத்தில் மாடத்தில் வைத்தாள்.

வீட்டில் யாரும் இல்லாத பிற்பகல்களில் கம்ப்யூட்டரைப் போடுவாள். நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு. பல முறை கேட்டுவிட்டு அணைப்பாள். சில நாள் அணைத்த பிறகும் அந்தச் சத்தம் கேட்டது. பஸ்ஸில், வகுப்பில், பெரிய மார்க்கெட்டில் மீன்காரர்களின் கூச்சலுக்கு நடுவில் கேட்டது. நாலரை மணிக்கு போன் அடிக்கும் ஞாயிறுகளில் அவள் வாசல்படியைத் தாண்டி வெளியே நின்றாள். இளஞ்செழியன் பொய் சொல்வதை அம்மா சிரித்துக்கொண்டே கேட்பதைப் பார்க்க முடியவில்லை. அம்மாவின் நெற்றியில் குங்குமம் இல்லாதது அப்பா போனதிலிருந்தே பழகிய விஷயம். இப்போது அதைப் பார்க்கும்போதெல்லாம், இன்னொரு அடி விழுந்தும் அது தெரியாமல் நடமாடுகிற ஆளாக அம்மா தெரிந்தார்.

ஐந்து வாரம் இப்படி ஓடியது. ஒரு வெள்ளிக்கிழமை வரலட்சுமி எண்ணெய்க் கிண்ணத்தோடு அவள் முன்னால் வந்து நின்றார்.

“அஞ்சு வாரமா நீ வெளக்கேத்தல. பூ வெக்கல. மூணு நாள்னா சரி. அஞ்சு வாரம் என்னாடி? யாரு செத்துட்டாங்கன்னு நீ தீட்டு காக்கற?”

அம்மா எரிச்சலில்தான் கேட்டார். ஹேமலதா கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லி விளக்கை ஏற்றினாள். ஏற்றும்போது திரி இரண்டு தடவை அணைந்தது. இனி இப்படி இருக்க முடியாது என்று தெரிந்தது. அம்மாவுக்கு ஒருநாள் தெரியப்போகிறது. அது தன் முகத்தைப் பார்த்துத் தெரிய வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு, இளஞ்செழியன் கூப்பிடுவதற்கு முன்பே, கடலூர் சாலையில் இருந்த ஐஎஸ்டி பூத்துக்குப் போனாள். கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு எண்ணை அழுத்தினாள். எடுத்தது இளஞ்செழியன். அவள் நலம் விசாரிக்கவில்லை.

“எங்கண்ணன் எப்ப செத்துச்சு?”

மீட்டரில் சிவப்பு எண்கள் மட்டும் மாறிக்கொண்டிருந்தன.

“ஹேமா, யாரு சொன்னது உனக்கு?”

“கார்டு சொல்லுச்சு. அது அண்ணன் வாங்கின கார்டு இல்ல. யாரு வாங்கனீங்க? எப்ப செத்துச்சு, அத மட்டும் சொல்லுங்க. நான் அம்மாகிட்ட சொல்லிக்கறேன்.”

இளஞ்செழியன் அழ ஆரம்பித்தான். அழுதுகொண்டே போனை யாரிடமோ நீட்டினான். மூச்சு விடும் சத்தம் வந்தது. பிறகு ஒரு குரல். அது மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி எடுத்து வைப்பதுபோல வந்தது.

“ஹே... மா.”

அவள் கண்ணாடியில் கையை ஊன்றிக்கொண்டாள்.

“அத... போட்டியா? அது... நீட்டா, பச்சையா இருக்குமே. அது.”

“கார்டா அண்ணா?”

“ஆங். கார்டு. ஓடுதா?”

ஹேமலதா சொன்னாள். “ஓடுது.”

“நல்லா?”

“நல்லா ஓடுது அண்ணா.”

அவன் சிரித்தான். பேச்சு வேறு யாருடையதோ போல இருந்தது. சிரிப்பு மட்டும் அப்படியே பிரௌசிங் சென்டரில் கேட்ட சிரிப்பு.

பிறகு இளஞ்செழியன் எல்லாவற்றையும் சொன்னான். அக்டோபரில் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து தலையில் அடி. மூன்று வாரம் நினைவில்லை. எழுந்த பிறகு பேச்சு போயிருந்தது, இப்போதுதான் கொஞ்சம் வருகிறது. ஆட்களைத் தெரிகிறது. பழையது சிலது இருக்கிறது, சிலது இல்லை. கார்டை அவனேதான் வாங்கினான். நான்தான் சக்கர நாற்காலியில் வைத்துக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். கடைக்காரன் எது வேண்டும் என்று கேட்டதற்குப் பதில் சொல்ல வரவில்லை. அரை மணி நேரம் பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இதைக் கையில் எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். திருப்பிக் கேட்டால் கொடுக்கவில்லை. எனக்கு இதில் என்ன தெரியும் ஹேமா.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னாள். எப்படிச் சொன்னாள் என்பது அவளுக்கே நினைவில்லை. வரலட்சுமி தரையில் உட்கார்ந்தார். சாப்புடறானா என்று கேட்டார். சாப்பிடுகிறான் என்றதும், கையால சாப்புடறானா, ஊட்டறாங்களா என்றார். கையால்தான் என்று ஹேமலதா சொன்னாள். அது உண்மையா என்று அவளுக்குத் தெரியாது. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து உலையை வைத்தார். இவ்வளவுதான். விழுந்து புரளவில்லை, மயங்கவில்லை. மறுநாள் தானே போய் அலமாரியிலிருந்து அந்த எழுத்தில்லாத வாழ்த்து அட்டையை எடுத்துச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

ஓடுகிறது என்று சொல்லியாகிவிட்டது. ஓட வைக்க வேண்டும்.

பலராமன் சுலபமான வழி சொன்னார். இந்தக் கார்டை என்கிட்ட குடுத்துடு, பழுப்புச் சொருகுல போற கார்டு ஒண்ணு தரேன், பத்து நிமிஷத்துல ஆட்டம் ஆடலாம். இல்லையென்றால் மதர்போர்டை மாற்ற வேண்டும். புது போர்டில் பழைய பிராசஸர் உட்காராது, அதையும் மாற்ற வேண்டும். பழைய பாகங்களில் மிஞ்சுவது ராம் மட்டும்.

ஹேமலதா மூன்று நாள் யோசித்தாள். மதர்போர்டும் பிராசஸரும் அண்ணன் முழுப் புத்தியோடு தேர்ந்தெடுத்தவை. நோட்டில் எழுதி, அடித்து, திரும்ப எழுதி, கேள்வி கேட்டு, சரிபார்த்து அனுப்பியவை. அந்த அண்ணனிடமிருந்து அவளுக்கு மிச்சம் இருப்பது அவை மட்டும்தான். கார்டு தப்பு. அது இப்போது இருக்கிறவன் செய்த தப்பு. மாடியில் உட்கார்ந்து துண்டுச் சீட்டுகளை வரிசையாகப் பரப்பிப் படித்தாள். எந்தப் பக்கம் பார்த்து, எவ்வளவு அழுத்த வேண்டும். அந்தக் கையெழுத்து இனி வராது. ஆள் சாகவில்லை, ஆனால் ஐந்து வாரம் அவள் காத்த துக்கம் பொய்யும் இல்லை. அதைப் பகல் வெளிச்சத்தில் அந்த மாடியில் ஒத்துக்கொண்டாள்.

நாலாம் நாள் மதர்போர்டையும் பிராசஸரையும் கழற்றி எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். பலராமன் நம்பாமல் பார்த்தார்.

“சரியான ரெண்டக் குடுத்துட்டு தப்பான ஒண்ண வெச்சுக்கறியா? என்னாமா ஆச்சு உனக்கு?”

“சரியானத வாங்கினவரு வரமாட்டாரு அண்ணே. இத வாங்கினவருதான் வருவாரு.”

புது மதர்போர்டைப் பலராமனே எடுத்துவந்து பிரித்துக் கொடுத்தார். கார்டு ஒரே அழுத்தலில் உட்கார்ந்தது. கடை மேஜையில் வைத்தே சுவிட்சைப் போட்டார்கள். குட்டையாக ஒரு பீப். திரையில் எழுத்து வந்தது.

அவள் கொடுத்த பழைய மதர்போர்டு ஒரு வாரம் கண்ணாடி அலமாரியில் இருந்தது. பிறகு யாரோ வாங்கிப் போனார்கள். இன்றும் ஊரில் ஏதோ ஒரு வீட்டில் அது ஓடிக்கொண்டிருக்கும் என்று அவள் நினைப்பதுண்டு. கடைக்குப் பழுதுபார்க்க வரும் ஒவ்வொரு பெட்டியையும் திறக்கும்போது முதலில் நடுவில் இருக்கும் சொருகைப் பார்ப்பாள். காகிதம் ஒட்டியிருந்த பசையின் கறை இருக்கிறதா என்று. இதுவரை எதிலும் இல்லை. பலராமன் கடையில் அவள் வேலைக்குச் சேர்ந்ததற்குக் காரணம் அது மட்டும் இல்லை. ஆனால் அதுவும் ஒன்று.

அந்த ஆகஸ்டில் அரிகிருஷ்ணன் வந்தான். இளஞ்செழியன் கூட்டிக்கொண்டு வந்தான். நடந்தான், ஒரு பக்கம் சாய்ந்து நடந்தான். காதுக்கு மேலே முடி முளைக்காத ஒரு கோடு. அம்மாவைக் கட்டிக்கொண்டான். தெருக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எல்லோரும் போன பிறகு ஹேமலதா அவனைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தாள்.

கார் ஓட்டும் ஆட்டம் ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். சுடுவதெல்லாம் வேண்டாம் என்று நினைத்தாள். மற்ற கார்கள் சீறிக்கொண்டு போய்விட்டன. அவன் போட்டியில் கலந்துகொள்ளவே இல்லை. கடலை ஒட்டிய சாலையில் மெதுவாக ஓட்டினான். ஒவ்வொரு முனையிலும் நிறுத்தி, இரண்டு பக்கமும் பார்த்தான். யாருக்கோ வழி விடுவதுபோல நின்றான். பிறகு போனான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருகாலத்தில் இதே மாதிரி பக்கத்தில் உட்கார்ந்து, போ போ போ என்று அவள் முதுகில் அடித்தவன். அவள் தன்னை அறியாமல் தன் தோளைத் திரும்பிப் பார்த்தாள். அந்த ஆள் பின்னால் நிற்கிறானா என்று பார்ப்பதுபோல.

“இத யாரு வாங்கினது?” என்று அரிகிருஷ்ணன் கேட்டான்.

“நீதான் அண்ணா.”

“நானா?”

“ஆமா. நீதான் வாங்கி அனுப்பின.”

அவன் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். கடல் பளபளத்தது. “நல்லா... பாத்துதான் வாங்கியிருக்கேன்” என்றான்.

ஆமாம் என்றாள்.

இளஞ்செழியன் திரும்பிப் போவதற்கு முந்தின நாள் அவனை வாசலில் நிறுத்திக் கேட்டாள், ஏன் மறைத்தீர்கள் என்று. அவன் தலையைக் குனிந்துகொண்டான். செல்வாம்பாள்கூடக் கார்டை உங்கள் வீட்டுக்குக் கொண்டுவரமாட்டேன் என்றுதான் சொன்னாராம். வாயைத் திறந்தால் உளறிவிடுவேன் என்று பயந்து, போய்ட்டு வரேன்கூடச் சொல்லாமல் ஓடிவந்ததாகச் சார்செலுக்குத் திரும்பி வந்து அழுதாராம்.

“அம்மாவுக்குத் தாங்காதுன்னுதான் ஹேமா.”

“தாங்காதுன்னு நீங்க நெனச்சதவிடப் பெருசா ஒண்ண நான் தனியா அஞ்சு வாரம் தாங்கினேன். நீங்க சொல்லியிருந்தா எனக்கு அடிபட்ட அண்ணன் இருந்திருப்பான். சொல்லாததால அண்ணனே இல்லாம இருந்தேன்.”

அவன், சார்செலிலேயே இன்னும் இரண்டு வீட்டுப் பையன்கள் விஷயம் இப்படித்தான் இருக்கிறது என்றான். ஒருவன் ஜெயிலில், ஒருவன் ஆஸ்பத்திரியில். இங்கே ஒரு வீடு உழந்தைக்கீரப்பாளையம், ஒரு வீடு அரியாங்குப்பம். இரண்டு வீட்டுக்கும் மாதம் தவறாமல் யார் கையிலாவது ஏதாவது போய்க்கொண்டிருக்கிறது. ஹேமலதா அவனை நகரவிடவில்லை. வீட்டு போனை எடுத்து அவன் கையில் கொடுத்து, இப்பவே கூப்பிடுங்க என்றாள். ஒரு வீட்டுக்கு அவன் கூப்பிட்டான். இன்னொரு வீட்டுக்கு, நேரில் போய்ச் சொல்கிறேன் என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

இதைப் படிக்கிற உங்களில் பலருக்கு அங்கே ஆள் இருக்கும். பிரான்ஸ் இல்லாவிட்டால் துபாய், சிங்கப்பூர். கூட இருப்பவனுக்கு ஏதோ ஆகி, ஊரில் இருக்கும் வீட்டுக்குச் சொல்லாமல், அவன் பெயரில் சாமான் மட்டும் அனுப்பிக்கொண்டிருக்கும் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், அவருக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். அந்த வீட்டிலும் ஒருத்தி பெட்டியைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு இந்த வாரமே ஒரு போன் போகட்டும்.